கையால் செய்த மரவில்: பார்த்தவர்கள் எல்லாரும் கேட்பவை

என் நண்பர் மரத்தில் வில் செய்பவர். அவர் அதிகம் பேசமாட்டார். கையில் சுரண்டி இருந்தால் அதுவும் கிடையாது. அதனால் வில்லைப் பார்க்க வருபவர்களின் கேள்விகள் பக்கத்தில் நிற்கும் என்னிடம்தான் வந்து சேர்கின்றன. ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

நாலைந்து சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வில்லில் குறியைப் பார்க்கும் பக்கம் முதுகு, எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. கைப்பிடிக்கு மேலே இருப்பது மேல்தண்டு, கீழே இருப்பது கீழ்த்தண்டு. நுனிகளில் நாண் உட்காரும் வெட்டுக்குக் காடி என்று பெயர்.

இது நிஜமாவே ஒரே மரமா? எங்கேயும் ஒட்டு இல்லையா?

இந்த வில் ஒரே கட்டையிலிருந்து எடுத்தது. நுனியிலிருந்து நுனி வரை ஒட்டோ ஆணியோ கிடையாது. கைப்பிடியில் சுற்றியிருக்கும் தோல் மட்டும்தான் பிறகு சேர்த்தது.

ஆனால் எல்லா மரவில்லும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. முதுகில் மூங்கில் பட்டையோ, பதப்படுத்தாத தோலோ, விலங்கின் தசைநாரோ ஒட்டிச் செய்வதும் பழைய முறைதான். ஒட்டு இருந்தால் மட்டம், இல்லாவிட்டால் உசத்தி என்று எடைபோடாதீர்கள். ஏன் ஒட்டுகிறார்கள் என்பது மரம் பற்றிய கேள்வியில் வரும்.

கையில எடுத்துப் பார்க்கலாமா?

தாராளமாக, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. நாண் ஏற்றாத வில்லை எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். முழங்காலில் வைத்து வளைக்க மட்டும் வேண்டாம். எது முதுகு, எது வயிறு என்று தெரியாமல் எதிர்ப்பக்கமாக வளைத்து நாண் மாட்டப் பார்த்தவர்கள் உண்டு. வில்லுக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை.

நாண் ஏற்றியிருந்தால், ஒரு நுனியைக் கண்ணருகே வைத்து நீளவாக்கில் பாருங்கள். நாண் கைப்பிடியின் நடுவிலோ, சற்றே அதன் ஒரு பக்கமாகவோ ஓடும். மரம் அங்கங்கே நெளிந்திருந்தாலும் நாண் நேராக ஓடினால், செய்தவர் அந்த நெளிவோடு நன்றாக மல்லுக்கட்டியிருக்கிறார் என்று பொருள்.

அம்பு வேண்டாம், சும்மா இழுத்து விட்டுப் பார்க்கட்டுமா?

வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நாணை இழுக்கும்போது நீங்கள் கொடுக்கும் ஆற்றல் தண்டுகளில் சேர்கிறது. விடும்போது அதில் பெரும்பகுதியை அம்பு வாங்கிக்கொண்டு போய்விடும். அம்பு இல்லையென்றால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அவ்வளவும் தண்டுகளிலும் நாணிலும் காடியிலுமே திரும்ப அடிக்கும். ஒரே தடவையில் வில் உடையலாம். உடையாமல் தப்பினாலும் உள்ளுக்குள் விரிசல் விட்டு, அப்புறம் வேறு யாரோ இழுக்கும்போது தெறிக்கலாம்.

மெதுவாக இழுத்து, விரலை விடாமல் மெதுவாகவே திருப்பிக் கொண்டுவருவது வேறு. அதிலும் செய்தவர் சொன்ன நீளத்தைத் தாண்டக் கூடாது. 28 அங்குலத்துக்குச் செய்த வில்லை நீளக் கைக்காரர் ஒருவர் 31 அங்குலத்துக்கு இழுத்தால், அந்த மரம் அதுவரை வளைந்தே இராத வளைவு அது. பலத்தைக் காட்ட வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

40 பவுண்டுன்னு எழுதியிருக்கு, ஆனா தூக்கினா லேசா இருக்கே?

அது வில்லின் எடை இல்லை, இழுப்பு எடை. ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு, வழக்கமாக 28 அங்குலத்துக்கு, நாணை இழுத்துப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைச் சொல்கிறது. 40 பவுண்டு என்றால் ஏறக்குறைய 18 கிலோ. இந்த அளவு வில்லே பொதுவாக ஒரு கிலோவைத் தொடாது.

ஆகவே நீளத்தைச் சொல்லாமல் பவுண்டை மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான். இப்படிப்பட்ட வில்லில் ஒரு அங்குலம் குறைத்து இழுத்தால் இரண்டு மூன்று பவுண்டு குறையும். 26 அங்குலமே இழுக்கும் ஒருவர் கையில் இது 40 பவுண்டு வில்லாக இருக்காது.

முதல் தடவை எய்யப் போறேன். எத்தனை பவுண்டு சரியா இருக்கும்?

பெரியவர்களுக்கு 20 முதல் 30 பவுண்டு போதும். குறைவாக இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் இழுக்க வேண்டிய தசைகள் முதுகிலும் தோளிலும் இருக்கின்றன; அவை பழகும் முன்னால் கனமான வில்லை எடுத்தால் கையால் வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் வந்துவிடும். அதை மாற்றுவது கடினம்.

“நான் காம்பவுண்ட் வில்லில் 60 பவுண்டு இழுத்திருக்கிறேன்” என்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கப்பி வைத்த அந்த வில்லில் முழுதாக இழுத்த பிறகு சுமை வெகுவாக இறங்கிவிடும். மரவில்லில் கடைசி அங்குலத்தில்தான் சுமை உச்சத்தில் இருக்கும். இரண்டையும் பவுண்டு வைத்து ஒப்பிட முடியாது.

என்ன மரம் இது? எந்த மரத்துல வேணும்னாலும் செய்யலாமா?

இது ஹிக்கரி. வில்லுக்கென்றே பேர்போன மரங்கள் சில உண்டு: யூ, ஓசேஜ் ஆரஞ்சு, எல்ம், ஆஷ், அப்புறம் மரமே இல்லாத மூங்கில். மற்றவற்றிலும் செய்யலாம், ஆனால் எல்லாவற்றிலும் முடியாது. மரம் கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, வளைந்து மீளவும் வேண்டும்.

வில் வளையும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. ஒரே துண்டு, இரண்டு நேர்மாறான வேலை. யூ மரத்தில் இது இயற்கையாகவே அமைந்திருக்கிறது. வெளிப்புறத்தில் இருக்கும் வெளிறு இழுவையை நன்றாகத் தாங்கும்; உள்ளே இருக்கும் கெட்டியான நடுமரம், அதாவது வைரம், நசுக்கத்தைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் கட்டையை எடுத்தால் முதுகும் வயிறும் தயார். ஹிக்கரி இழுவையில் கெட்டிக்காரன், நசுக்கத்தில் கொஞ்சம் சுமார். அதனால் அதன் தண்டை அகலமாக வைத்துச் சுமையைப் பரப்புகிறார்கள். ஒட்டு வேலையும் இதே கணக்குதான்: முதுகுக்கு மூங்கில், வயிற்றுக்கு வேறு கடின மரம். கொம்பையும் தசைநாரையும் மரத்தோடு சேர்த்துச் செய்த புல்வெளி நாடோடிகளின் வில்லிலும் வயிற்றில் கொம்பு, முதுகில் தசைநார்.

முதுகுப் பக்கம் மேடும் பள்ளமுமா இருக்கே. இழைச்சு வழவழன்னு ஆக்கியிருக்கலாமே?

ஆக்கியிருந்தால் இந்நேரம் அது இரண்டு துண்டு.

மரம் ஆண்டுக்கு ஒரு வளையமாக வளர்கிறது. நார்கள் அந்த வளையத்தை ஒட்டியே நீளமாக ஓடுகின்றன. முதுகில் ஒரே வளையம் நுனியிலிருந்து நுனி வரை அறுபடாமல் இருந்தால் எல்லா நாரும் முழு நீளத்துக்கும் இழுவையைப் பங்குபோட்டுக்கொள்ளும். இழைப்புளியைப் போட்டு மேட்டைச் சீவினால் அந்த இடத்தில் நார்கள் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட நாரின் முனை, வளைக்கும்போது சிலும்பாக எழும்பும். உடைவு அங்கேதான் தொடங்கும்.

ஹிக்கரி, எல்ம் போன்ற மரங்களில் பட்டையை உரித்ததும் அடியில் இருக்கும் பரப்பையே முதுகாக வைத்துக்கொள்ளலாம். ஓசேஜ் ஆரஞ்சில் வெளிறை நீக்கிவிட்டு, உள்ளே தடித்த ஒரு வளையத்தைத் தேர்ந்தெடுத்து, அதை எங்கும் கீறாமல் முழு நீளத்துக்கும் வெளிக்கொண்டு வர வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. கணு வந்தால் அதைச் சுற்றி ஒரு சின்ன மேட்டை விட்டுவிட்டு வளையத்தோடேயே ஏறி இறங்க வேண்டும். ஆக, நீங்கள் பார்க்கும் மேடு பள்ளம் அந்த மரம் வளர்ந்த விதம். அதை அப்படியே விட்டு வைத்தது செய்தவரின் கைத்திறன். எனக்கு ஒரு வில்லில் முதலில் கண் போவது இங்கேதான்.

சூடு காட்டித்தானே இப்படி வளைக்கிறாங்க?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கோணலை நிமிர்த்தவும், நுனியை முன்னோக்கி வளைக்கவும், வயிற்றை இறுக்கவும் சூடு பயன்படுகிறது. ஆனால் வில் வளைவது சூட்டினால் அல்ல. வேண்டிய இடத்தில் மரத்தைக் கழித்துக்கொண்டே வருவதால்தான் வளைகிறது. வில் செய்வதில் உயிரான வேலை இதுதான்.

கட்டை முதலில் அசையாது. வயிற்றுப் பக்கம் அரம், பிறகு சுரண்டி. கொஞ்சம் எடுப்பது, வளைத்துப் பார்ப்பது, எங்கே விறைப்பாக இருக்கிறதோ அங்கே மட்டும் மறுபடி எடுப்பது. சுவரில் பொருத்திய சட்டத்தில் கைப்பிடியை உட்கார வைத்து, நாணைக் கப்பி வழியாகக் கீழே இழுத்து, தள்ளி நின்று வளைவைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறை மரம் எடுத்த பிறகும் பல தடவை மெதுவாக வளைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செய்த மாற்றம் முழுதாக வெளியே தெரியாது. முடிவில் வர வேண்டிய பவுண்டுக்கு மேல் இடையில் ஒருபோதும் இழுக்கக் கூடாது.

இதில் தடிமன் ரொம்பப் பொல்லாதது. அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். தடிமனைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல், 27 சதவீதம், போய்விடும். அதனால்தான் கடைசிக் கட்டத்தில் அரத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சுரண்டியோடு உட்கார்கிறார்கள். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

ஒரு வில் செய்ய எவ்வளவு நாள்?

பச்சை மரத்திலிருந்து தொடங்கினால் காத்திருப்புதான் அதிகம். ஒரு அங்குலத் தடிமன் உலர ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. பிளந்து, வில் கனத்துக்குக் கிட்டத்தட்டக் குறைத்து வைத்தால் சில மாதங்களில் உலரும். முனைகளில் பசையோ மெழுகோ பூசாவிட்டால் வெடிப்பு விடும். ஈரம் 8 முதல் 10 சதவீதத்துக்கு இறங்கியதும் வேலையைத் தொடங்கலாம். உலர்ந்த கட்டை கையில் இருந்தால், பழகியவர் சில நாட்களில் முடித்துவிடுவார்.

நாணைக் கழட்டின பிறகும் கொஞ்சம் வளைஞ்சே இருக்கே, கெட்டுப்போச்சா?

இல்லை. வயிற்றுப் பக்கத்து நார்கள் நசுங்கியதில் கொஞ்சம் மீளாமல் தங்கிவிடும். ஒரே மரத்தில் செய்த வில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இது உண்டு. இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஒரு அங்குலத்துக்குள் இருந்தால் செய்தவரை மெச்சலாம். அதைவிட அதிகம் என்றால் மரத்தில் ஈரம் இருந்திருக்கலாம், அல்லது தண்டு குறுகலாக இருந்திருக்கலாம். வில் எய்யும், ஆனால் வேகம் குறையும். போன மாதத்தைவிட இந்த மாதம் வளைவு கூடியிருக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எப்படி வெச்சுக்கணும்? சுவத்துல மாட்டலாமா?

எய்து முடித்ததும் நாணை இறக்கிவிடுங்கள். இதில் விலக்கு இல்லை. பிறகு படுக்கை வசமாக இரண்டு ஆணிகளில் வைக்கலாம். மூலையில் நுனியை ஊன்றிச் சாய்த்து வைக்காதீர்கள். ஈரத் தரை, சூடேறும் அடைத்த கார், வெயில் அடிக்கும் ஜன்னல் மூன்றும் ஆகாது. எண்ணெயோ வார்னிஷோ மேலே பூசியிருப்பது பளபளப்புக்கு மட்டும் இல்லை; ஈரம் வேகமாக ஏறி இறங்காமல் தடுக்கவும்தான்.

மேல்தண்டு கொஞ்சம் அதிகமா வளையுதே, தப்பா செஞ்சுட்டாரோ?

கண் கூர்மையானவர்கள் கேட்கும் கேள்வி. தப்பு இல்லை. கை வில்லின் நடுவைப் பிடித்தால் அம்பு அதற்கு மேலே அமரும். விரல்களின் இழுப்பும் சரிநடுவில் விழாது. இழுக்கும்போது இரண்டு தண்டும் சமமாக உழைக்க வேண்டுமானால் கீழ்த்தண்டைச் சற்று விறைப்பாக விட வேண்டும். நாணுக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் இரண்டு பக்கத்துக்கும் கால் அங்குலத்துக்குள் வித்தியாசம் இருக்கும். அதனால் வில்லைத் தலைகீழாகப் பிடித்து எய்யாதீர்கள். எது மேல் என்று தெரியாவிட்டால் கேளுங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் மடங்குவது போல வளைந்தால் அது வேறு கதை. அந்த இடம் பலவீனமாகிவிட்டது. இழுப்பதை நிறுத்திவிட்டுச் செய்தவரிடம் காட்டுங்கள்.

வில்லு நடுவுல குறுக்கே நிக்குதே, அம்பு எப்படி நேரா போகுது?

அம்பு வில்லின் ஒரு பக்கமாக அமர்கிறது. நாணோ நடுக்கோட்டை நோக்கித் தள்ளுகிறது. கணக்குப்படி அம்பு பக்கவாட்டில் போக வேண்டும். போகாததற்குக் காரணம், தள்ளும் விசையில் அம்பு வளைந்து, கைப்பிடியைச் சுற்றி நெளிந்து, தாண்டியதும் இரு பக்கமும் அதிர்ந்தபடியே குறிக்குப் போகிறது. வேகத்தைக் குறைத்துக் காட்டும் வீடியோவில் பார்த்தால் மீன் நீந்துவது போல இருக்கும்.

இது சரியாக நடக்க அம்பின் விறைப்பு வில்லுக்குப் பொருந்த வேண்டும். மர அம்புக்கு அதை அளக்க எளிய முறை உண்டு. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் அம்பை வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட வேண்டும். எவ்வளவு அங்குலம் தொய்கிறதோ, அதால் 26ஐ வகுக்க வேண்டும். 0.65 அங்குலம் தொய்ந்தால் 40, அதாவது சுமார் 40 பவுண்டு வில்லுக்கான விறைப்பு. வலக்கையால் நாணை இழுப்பவருக்கு, அம்பு அதிக விறைப்பாக இருந்தால் இடப்பக்கமும், தளர்வாக இருந்தால் வலப்பக்கமும் போய் விழும்.

என்கிட்ட இருக்கிற கார்பன் அம்பையே போட்டு எய்யலாமா?

விறைப்பும் எடையும் பொருந்தினால் எய்யலாம். பொதுவாகப் பொருந்தாது. மரவில்லின் ஒவ்வொரு பவுண்டு இழுப்புக்கும் அம்பில் சுமார் 10 கிரெயின் எடை என்பது பலரும் பின்பற்றும் அளவு. 40 பவுண்டு வில்லுக்கு 400 கிரெயின், அதாவது 26 கிராம். அம்பு மிகவும் லேசாக இருந்தால் ஆற்றலை முழுதாக வாங்காது. மீதி எங்கே போகும் என்பதை, சும்மா இழுத்து விடுவது பற்றிச் சொன்ன இடத்தில் பார்த்தோம்.

நாணுக்கும் இதே பேச்சுதான். கொஞ்சம் நெகிழும் பாலியஸ்டர் நாண் மரவில்லுக்கு நல்லது. துளியும் நீளாத நவீன நாண் வேகம் தரும், ஆனால் அதிர்ச்சியைக் காடிக்கே அனுப்பும். நுனிகளை அதற்கென்று பலப்படுத்தியிருக்கிறாரா என்று கேட்காமல் மாற்ற வேண்டாம்.

வில்லு மேல கோடு கோடா தெரியுது. உடையப் போகுதா?

கோடு எந்தப் பக்கம், எந்தத் திசை என்று பாருங்கள். நாரோடு சேர்ந்து நீளவாக்கில் ஓடும் மெல்லிய வெடிப்பு பெரும்பாலும் உலரும்போது வந்தது; பக்கவாட்டில் போய் வெளியேறாதவரை பொறுத்துக்கொள்ளலாம். வயிற்றில் குறுக்காக நூல் போன்ற கோடுகள் தெரிந்தால், அங்கே நார்கள் நசுங்கி மடிந்திருக்கின்றன. யூ மரத்தில் இப்படி வந்தும் காலம் தள்ளும் வில்கள் உண்டு. ஆனாலும் பவுண்டைக் குறைப்பதே நல்லது.

முதுகில் குறுக்காகக் கோடோ, எழும்பிய சிலும்போ தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள். வெளிச்சத்தில் மட்டும் பார்க்காமல் பஞ்சால் ஒரு முறை தடவிப் பாருங்கள். சிலும்பு பஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் பழைய காலத்துலயும் இப்படியேதான் செஞ்சாங்களா?

கருவிகள் மாறின, மரத்தின் கணக்கு மாறவில்லை. டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் கிடைத்த எல்ம் வில்களுக்கு ஏறத்தாழ 9,000 வயது. அகலத் தண்டு, குறுகிய கைப்பிடி. இன்று ஒருவர் எல்ம் மரத்தில் செய்தாலும் இதே வடிவத்துக்குத்தான் வருவார். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, ஓட்சி என்று பெயரிட்ட பழங்கால மனிதனின் உடலுக்குப் பக்கத்தில் 1.82 மீட்டர் நீள யூ வில் ஒன்று இருந்தது, 5,300 ஆண்டுக்கு முந்தையது. அது முடிக்காத வில். செதுக்கிய தடம் அப்படியே இருக்கிறது. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட முழு யூ வில்கள் கிடைத்தன. அவற்றில் பல 100 பவுண்டைத் தாண்டியவை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கணுவைச் சுற்றி மரத்தை விட்டு வைத்திருப்பதை அவற்றிலும் பார்க்கலாம்.

எனக்கும் ஒண்ணு செஞ்சு தரச் சொல்லலாமா?

கேட்கலாம், ஆனால் “உன்னுடையது மாதிரியே” என்று கேட்காதீர்கள். அது அவர் கைக்குச் செய்தது. இரு கைகளையும் விரித்து நுனிவிரலிலிருந்து நுனிவிரல் வரை அளந்து, 2.5ஆல் வகுத்து அந்த எண்ணைக் கொடுங்கள். 70 அங்குலம் என்றால் 28. இதுதான் உங்கள் இழுப்பு நீளத்தின் தோராய அளவு. கூடவே எந்தக் கையால் இழுப்பீர்கள், எத்தனை பவுண்டு என்று சொல்லுங்கள். 28 அங்குல இழுப்புக்கு வில் 66, 68 அங்குலம் வரும். குட்டையாகக் கேட்டால் மரத்தின் மீது பாரம் ஏறும். பணம் வாங்க மறுக்கும் நண்பராக இருந்தால் நல்ல கட்டை ஒன்று கொண்டுபோய்க் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வராது.

“சூப்பரா இருக்கு”ன்னு மட்டும் சொல்லிட்டு வர ஒரு மாதிரி இருக்கு. வேற என்ன சொல்றது?

“கடையில் வாங்கினது மாதிரியே இருக்கு” என்பதைத் தவிர எதையும் சொல்லலாம். அவரை ஒரு முறை முழுதாக இழுத்துக் காட்டச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். வளைவு கைப்பிடிக்கு அருகே தொடங்கி, எங்கும் உடைந்து நிற்காமல் நுனி வரை ஓடுகிறதா? அதைக் கவனித்துச் சொன்னால் போதும். கணு இருந்தால் அதைக் காட்டி, எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேளுங்கள். பேசாத என் நண்பரே அந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பேசுவார்.

ஒருநாள் உடைஞ்சுபோனா ஒட்டிக்கலாமா?

முதுகில் சின்ன சிலும்பு எழும்பியிருந்தால் ஒட்டி, மேலே நூலை இறுக்கிச் சுற்றி, மறுபடி பயன்படுத்தலாம். தண்டு குறுக்காக முறிந்திருந்தால் ஒட்டி எய்வது ஆபத்து. மறுமுறை முகத்தருகே தெறிக்கும். துண்டுகளை எறிந்துவிடாமல் செய்தவரிடம் கொடுங்கள். முதுகில் சாய்வாக நீளச் சிலும்போடு முறிந்திருந்தால் நார் வெட்டுப்பட்ட இடம் அது. கட்டையாகக் குறுக்கே முறிந்திருந்தால் மரம் அளவுக்கு மீறி உலர்ந்தோ உளுத்தோ இருந்திருக்கும். அடுத்த கட்டையை எடுக்கும் முன் அவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.